பெயரும் முகமும்: மலேசியத் தமிழர் பதிவுகளில் நிழற்படம் பெற்ற இடம்

முன்னுரை

ஒரு பதிவேட்டின் ஒவ்வொரு வரியோடும் அவ்வரிக்குரிய படத்தைச் சிறிதாக்கி அருகே காட்டும் வழக்கம் இன்று கணினித் திரையில் இயல்பாகிவிட்டது. நூலகப் பட்டியல், அருங்காட்சியக அட்டவணை, பள்ளி மாணவர் விவரத் தொகுப்பு என எதுவாயினும் எழுத்தாலான செய்தியின் பக்கத்தில் ஒரு சிறுபடம் அமைகின்றது. படிப்பவர் பெயரைக் கண்ட அக்கணமே படத்தையும் கண்டு, இது இன்னாருடையது என்று உறுதி செய்துகொள்கின்றார். இதனைத் தரவுத்தளத்தின் பல வசதிகளுள் ஒன்றாகவே பெரும்பாலோர் கருதுவர். ஆயினும், பதிவையும் படத்தையும் ஒருசேர வைத்துக் காட்டும் முறை கணினிக்கு மிக முந்தியதாகும். மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை அம்முறையின் வரலாறு குடியுரிமையோடும் பிறந்த மண்ணில் நிலைபெறும் உரிமையோடும் பிணைந்துள்ளது.

கிள்ளான் பள்ளத்தாக்கை மையமாகக் கொண்டு அவ்வரலாற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். இங்கு நாம் முன்வைக்கும் கருத்து ஒன்றே. 1948ஆம் ஆண்டுக்கு முன் மலாயாத் தமிழ்த் தொழிலாளியின் பெயர் ஓரிடத்திலும் முகம் வேறோரிடத்திலும் கிடந்தன. இவ்விரண்டையும் நாடு முழுவதற்குமாக முதன்முதலில் இணைத்தது அரசின் பாதுகாப்புத் தேவையே. அவ்விணைப்பைப் பெற்றவர் குடிமக்களாகக் கணிக்கப்படும் வழியில் சென்றனர். பெறாதவர் தம் சொந்த ஊரிலேயே அயலவராயினர். எனவே, நம் சமூகத்தின் பழைய பதிவுகளையும் பழைய படங்களையும் இன்று நாமே இணைத்து வைப்பது வரலாற்றுத் துறையினரும் தமிழாசிரியரும் ஏற்க வேண்டிய கடமையாகின்றது.

முகமற்ற பெயர்கள்

மலாயாவிற்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்பே வேரூன்றியிருந்த கங்காணி முறை அதன்பின் மேலோங்கி, 1938இல் இந்திய அரசு உதவிபெறும் குடிப்பெயர்வைத் தடைசெய்யும்வரை நீடித்தது. இக்காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிய தமிழர் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினர். 1901இல் திறக்கப்பட்டு, 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அத்துறையே சிலாங்கூர்த் தோட்டங்களின் வாயிலாக விளங்கியது.

இவ்வழியில் வந்தவர்கள் பல பதிவேடுகளில் எழுதப்பட்டனர். கங்காணியின் உரிமச் சீட்டில் ஆள்களின் விவரம் குறிக்கப்பெற்று, கிராம முன்சீப்பின் கையொப்பம் பெறப்பட்டது. முகாமிலும் கப்பலிலும் பெயர்ப் பட்டியல்கள் இருந்தன. தோட்டத்தை அடைந்தபின் நாள்தோறும் விடியலில் நிகழும் பிரட்டில் பெயர் கூப்பிடப்பட்டது. கிராணி அதனைச் செக்ரோல் எனப்படும் வருகை ஏட்டில் பதிந்தார். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் முதலானவற்றால் ஒருவரை அடையாளம் காட்டுவதே இவ்வேடுகளின் பொது முறை.

இம்முறையின் குறை எளிதில் புலப்படும். ஒரே தோட்டத்தில் பல இராமசாமிகளும் பல முனியம்மாள்களும் இருந்தனர். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர் ஒருவருக்கொருவர் வேறுபட எழுதினர். முத்துசாமி என்னும் ஒரே பெயர் மூன்று ஏடுகளில் மூன்று வகையாக இடம்பெற்றால், அது ஒருவரைக் குறிக்கின்றதா மூவரைக் குறிக்கின்றதா என்று துணிவது கடினம். வயதும் பெரும்பாலும் எழுதியவரின் மதிப்பீடே. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றிற்குப் பெயர்ந்தவரின் வரலாறு இக்காரணங்களால் இடையிலேயே அறுந்துபோகின்றது.

இக்குறையின் மிகக் கொடிய விளைவைச் சப்பானியர் ஆட்சிக் காலத்தில் காண்கின்றோம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில்பாதை அமைப்பதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். அப்பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க் கைதிகளுள் ஏறத்தாழ 7,000 பேர் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெற்றுள்ளனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் உண்டு. படைவீரர்க்கு எண்ணும் பெயரும் கொண்ட பதிவு முன்பே இருந்தமையால் அது இயன்றது. அதே பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய பதிவும் இல்லை, கல்லும் இல்லை. தோட்டத்தின் செக்ரோலில் அவர்களின் பெயருக்கு நேரே இடம் வெறுமையாகியது, அவ்வளவே.

பெயரற்ற முகங்கள்

அக்காலத்தில் தமிழரின் படங்களே இல்லையோ எனின், இருந்தன. 1867இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற ஜி.ஆர். லாம்பர்ட் நிறுவனம் இப்பகுதியின் காட்சிகளையும் மக்களையும் படமெடுத்து விற்றது. தமிழ் ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளும் அப்படங்களில் தோன்றுகின்றனர். எனினும், படத்தின் கீழ் காணப்படுவது ஒருவரின் பெயரன்று. இனத்தின் பெயரோ தொழிலின் பெயரோ ஆகும். இந்தியாவில் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிடப்பட்ட ‘இந்திய மக்கள்’ என்னும் படத்தொகுப்பும் இவ்வகையினதே. ஒருவரின் முகம் அங்கே ஒரு வகுப்பிற்கு எடுத்துக்காட்டாகின்றது. அம்முகத்திற்கு உரியவர் யார் என்னும் வினா எழவே இல்லை.

பின்னர் நகரங்களில் நிழற்பட நிலையங்கள் பெருகியபோது தமிழ்க் குடும்பங்கள் தாமே விரும்பிச் சென்று படமெடுத்துக் கொண்டன. பிரிக்பீல்ட்சில் வாழ்ந்த இரயில்வே ஊழியரும் எழுத்தரும் ஆசிரியரும், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பட்டணத்திற்கு வந்தவரும் இத்தகைய படங்களை விட்டுச் சென்றுள்ளனர். வரைந்த திரைச்சீலையின் முன்னே நாற்காலியில் அமர்ந்த தந்தை, அருகே நின்ற தாய், பட்டுப் பாவாடை அணிந்த பிள்ளைகள் என அமையும் அப்படங்கள் குடும்பப் பெருமையின் சின்னங்களாகும். வீட்டார்க்கு முகம் தெரியும் ஆதலின் பெயர் எழுதும் தேவை எழவில்லை. இரு தலைமுறை கழிந்ததும் பாட்டி ஒருவரே பெயர் சொல்ல வல்லவராகின்றார். அவரும் மறைந்தபின் அப்படம் யாரோ ஐவரின் படமாகின்றது.

ஆக, அரசின் ஏட்டில் பெயர் உண்டு, முகம் இல்லை. வணிகரின் படத்திலும் வீட்டுச் சுவரிலும் முகம் உண்டு, பெயர் இல்லை. கே.எஸ். சாந்து 1969இல் வெளியிட்ட மலாயா இந்தியர் பற்றிய நூலும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சின்னப்பா அரசரத்தினம் 1970இல் வெளியிட்ட நூலும் நம் துறைக்கு அடித்தளமானவை. அவை எண்ணிக்கையாலும் நிறுவன வரலாற்றாலும் சமூகத்தை விளக்கியமைக்கு அறிஞரின் நோக்கத்தோடு மூலங்களின் இவ்வியல்பும் ஒரு காரணம் எனலாம்.

பிற நாடுகளில் இணைப்பு

மலாயாவிற்கு வெளியே பெயரும் முகமும் முன்பே இணைக்கப்பட்ட இடமும் உண்டு. மொரீஷியஸ் தீவில் 1867ஆம் ஆண்டின் 31ஆம் சட்டம், ஒப்பந்தக் காலம் முடிந்த ‘பழைய குடியேறிகள்’ நிழற்படம் ஒட்டிய சீட்டினை வைத்திருக்க வேண்டும் என விதித்தது. சீட்டின்றி வழியில் செல்வோர் அலைகுடிகளாகக் கருதப்பட்டுக் கைதாயினர். படத்திற்கான செலவும் அவர்கள் தலைமேலேயே விழுந்தது. 1871இல் அடால்ஃப் டி பிளெவிட்ஸ் முன்னின்று அளித்த, 9,401 குடியேறிகளின் ஒப்பம் கொண்ட மனு இக்கொடுமைகளை எடுத்துரைத்தது. அதனைத் தொடர்ந்து 1872இல் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

அன்று மக்களை அடக்குதற்கு எடுத்த அப்படங்களே இன்று வேறொரு பயனைத் தருகின்றன. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்ற ஏடுகளும் படங்களும் பாதுகாக்கப்படுகின்றன. ஒப்பந்தக் குடியேற்ற ஆவணங்கள் 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிலும் இடம்பெற்றன. தம் மூதாதையரைத் தேடும் மொரீஷியஸ் தமிழர் ஒருவர், நற்பேறு இருப்பின், பெயரோடு முகத்தையும் காண்பார். மலாயாத் தமிழர்க்கு அந்நூற்றாண்டைச் சார்ந்த அத்தகைய தொகுப்பு இல்லை.

டிரான்ஸ்வாலில் நிகழ்ந்ததும் ஈண்டு ஒப்பிடத்தக்கது. ஆசியர் கட்டாயம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை இழிவெனக் கருதிய இந்தியர், 1908 ஆகஸ்டு 16ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் காந்தியடிகள் தலைமையில் தம் பதிவுச் சான்றுகளை எரித்தனர். அப்போராட்டத்தில் தமிழரின் பங்கு பெரிது. ஓரிடத்தில் தமிழர் எரித்த பதிவுச் சீட்டினை மற்றோரிடத்தில் தமிழர் தேடி அலைந்தனர். இம்முரணை விளங்கிக்கொள்ள 1948ஆம் ஆண்டிற்கு வருதல் வேண்டும்.

1948: அட்டையில் அமைந்த முகம்

1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்து போரிட்ட பொதுவுடைமைக் கிளர்ச்சியாளரை மக்களிடமிருந்து பிரித்தறிதல் அரசின் முதல் நோக்கமாயிற்று. அவ்வாண்டிலேயே 12 வயதும் அதற்கு மேலும் உடைய அனைவரும் பதிவு செய்யப்பட்டு, நிழற்படமும் கட்டைவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கும் பணி தொடங்கியது. பதிவுக் குழுக்கள் படக்கருவியோடு கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்றன. கிளர்ச்சியாளர் இதன் வலிமையை நன்கு உணர்ந்தனர். மக்களிடமிருந்து அட்டைகளைப் பறித்து அழித்தனர். பதிவுப் பணியில் ஈடுபட்டோரைத் தாக்கினர். ஓர் அட்டை அத்துணைப் பகைமைக்கு இலக்கானது எனின், அதன் ஆற்றல் விளங்கும்.

தமிழ்த் தொழிலாளர் பலருக்கு அவ்வட்டையின் பொருட்டு எடுக்கப்பட்டதே வாழ்வின் முதற்படமாக இருந்திருத்தல் கூடும். நிழற்பட நிலையத்திற்குச் செல்லும் பொருள்வசதி இல்லாதவரும் அன்று படக்கருவியின் முன் நின்றனர். பெயரெழுதத் தெரியாதவர் கைநாட்டிட்டனர். செக்ரோலில் பல நூறு வரிகளுள் ஒன்றாக இருந்தவர் அன்று தமக்கென ஓர் எண்ணும் முகமும் பெற்றார். கண்காணிப்பதற்காகவே இது செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதன் விளைவு நோக்கத்தைக் கடந்து சென்றது.

1957இல் நாடு விடுதலை பெற்றபின் அடையாள அட்டையின் பொருளே மாறியது. யார் குடிமகன் என்னும் வினாவிற்கு விடையளிக்கும் ஆவணமாக அது வளர்ந்தது. குடிமக்களுக்கு நீல அட்டை, நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டை, தற்காலிகவாசிகளுக்குப் பச்சை அட்டை எனப் பிரிவு ஏற்பட்டது. ஒருவரின் முகம் எந்நிற அட்டையில் உள்ளது என்பது அவர்தம் பிழைப்பையே தீர்மானித்தது. குடிமக்கள் அல்லாதார் வேலை அனுமதி பெற வேண்டும் எனக் கூறிய 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவரும் அனுமதிச் சீட்டிற்கு விண்ணப்பிக்கும் நிலை ஏற்பட்டது. அக்காலத்தில் இந்தியாவிற்குத் திரும்பியோர் ஏறத்தாழ 60,000 பேர் என ஆய்வாளர் கணிப்பர். விண்ணப்பத்திற்குரிய காலத்தில் அதன் இன்றியமையாமையை எடுத்துச் சொல்வாரின்றிச் சிவப்பு அட்டையோடு நின்றுவிட்டவரும் பலர்.

அட்டையிலிருந்து திரைக்கு

1990இல் பிறந்த தேதியை முன்னிறுத்தும் 12 இலக்க எண் முறை வந்தது. 2001 செப்டம்பரில் மைகாட் அறிமுகமாயிற்று. பல்லூடகப் பெருவழியின் முதன்மைத் திட்டங்களுள் ஒன்றாகிய இது கிள்ளான் பள்ளத்தாக்கில் முதலில் நடைமுறைப்படுத்தப்பட்டது. அட்டையில் பதித்த சில்லினுள் உரியவரின் விவரமும் நிழற்படமும் கட்டைவிரல் ரேகைக் குறிப்பும் அடங்கின. முகப்பில் அமர்ந்துள்ள அலுவலர் அட்டையைக் கருவியில் செருகியதும் திரையில் பெயர், எண், முகவரி ஆகியவற்றோடு ஒரு சிறுபடம் தோன்றுகின்றது. எதிரே நிற்பவரையும் திரையில் உள்ளவரையும் ஒருமுறை நோக்கிய அளவில் அலுவலர் முடிவெடுக்கின்றார். பதிவோடு படத்தைக் காட்டும் முறை தன் முழு வடிவத்தை இங்கு எய்தியது எனலாம்.

தேசியப் பதிவுத் துறையின் தலைமையகம் புத்ராஜெயாவில் உள்ளது. அந்நகரம் பிராங் பெசார் முதலிய இரப்பர்த் தோட்டங்கள் இருந்த நிலத்தில் 1995 முதல் எழுந்ததாகும். செக்ரோலில் பெயர் மட்டும் பதியப்பட்டுத் தமிழர் உழைத்த அதே மண்ணிலிருந்து இன்று நாடு முழுவதன் பெயர்களும் முகங்களும் ஒருசேர ஆளப்படுகின்றன. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாகவும், எப்பிங்காம் தோட்ட நிலம் பெட்டாலிங் ஜெயாவாகவும் மாறியபோது தோட்ட அலுவலகங்களும் அவற்றின் ஏடுகளும் இடம் இழந்தன என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

படம் உண்டு, பதிவு இல்லை

இவ்வளவு செம்மையான முறையின் வெளியே நிற்போரும் உள்ளனர். அவர்களின் நிலை எவ்வாறு உருவாகின்றது என்பதை ஒரு திருமணப் படத்தைக் கொண்டு விளக்கலாம். கோயிலில் உற்றார் சூழ ஒருவர் தாலி கட்டுகின்றார். அக்காட்சி படமாக்கப்பட்டு வீட்டுச் சுவரில் மாட்டப்படுகின்றது. ஊரார் கண்ணில் அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. ஆனால், 1982 மார்ச்சு முதல் நடைமுறையிலுள்ள 1976ஆம் ஆண்டின் திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டப்படி அத்திருமணம் பதிவு செய்யப்படல் வேண்டும். பதியப்படாவிடின் பிறக்கும் குழந்தை சட்டத்தின் பார்வையில் முறையான மணத்தில் பிறந்ததாகாது. அத்தகைய குழந்தையின் குடியுரிமை தாயின் நிலையையே சாரும் என்பது அரசமைப்பின் இரண்டாம் அட்டவணை கூறும் விதி. தாய்க்கு ஆவணம் இல்லையெனின், தந்தை நீல அட்டை உடையவராயினும் பிள்ளைக்குக் குடியுரிமை மறுக்கப்படலாம்.

2003இல் அறிமுகமான மைகிட் என்னும் சிறார் அட்டையில் நிழற்படம் இல்லை. முகம் மாறும் பருவம் அது. 12 வயது நிறைந்ததும் படத்தோடு கூடிய மைகாட் பெறுவதே முறை. உடன்படிக்கும் பிள்ளைகள் படமெடுத்துக்கொள்ளச் செல்லும் அவ்வயதில்தான், பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்லன் எனக் குறிக்கப்பட்ட பிள்ளை தன் நிலையை முழுதும் அறிகின்றது. மேற்படிப்பு, வங்கிக் கணக்கு, வாகன உரிமம், முறையான வேலை ஆகிய ஒவ்வொன்றின் வாயிலிலும் அதே சிறுபடம் கேட்கப்படுகின்றது. 2011 பிப்ரவரியில் ஆவணமற்ற இந்தியர்களைப் பதிவதற்கென அரசு ‘மைடாப்தார்’ இயக்கத்தை நடத்தியதே இச்சிக்கலின் ஆழத்திற்குச் சான்று.

இத்தகைய வழக்குகளில் குடும்பங்கள் கொண்டுவருபவை பெரும்பாலும் படங்களே. பாட்டி தோட்டத்து லயத்தின் முன் நிற்கும் படம், தாய் தோட்டப் பள்ளியில் படித்த காலத்து வகுப்புப் படம், கோயில் திருவிழாப் படம் ஆகியன ஒரு குடும்பம் இம்மண்ணில் மூன்று தலைமுறையாக வாழ்ந்ததைக் கண்டோர்க்கு ஐயமின்றி உணர்த்துவன. ஆனால், பெயரும் ஆண்டும் இடமும் குறிக்கப்படாத படம் தனித்துச் சான்றாகும் வலிமை பெறுவதில்லை. அவ்வகுப்புப் படத்தோடு அப்பள்ளியின் அதே ஆண்டுச் சேர்க்கை ஏட்டை இணைத்து வைத்திருந்தால் அது வேறொரு வலிமையைப் பெறும்.

இணைத்து வைத்தலின் பயன்

இணைப்பின் வலிமைக்குத் தமிழகத்திலிருந்து ஒரு சான்று காட்டலாம். 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களையும் திருமேனிகளையும் படமெடுத்து, ஒவ்வொரு படத்தையும் ஊர், கோயில், திருவுருவம் ஆகிய குறிப்புகளோடு பேணி வருகின்றது. அத்தொகுப்பில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் கோயிலின் நடராசர் திருமேனி களவாடப்பட்டு, 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தால் 50 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு வாங்கப்பட்டது. அந்நிறுவனம் 1994இல் அக்கோயிலில் எடுத்த படத்தோடு கலைக்கூடத்திலிருந்த திருமேனி ஒத்திருந்தது. 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியாவிற்குத் திருப்பி அளிக்கப்பெற்றார். ‘நடராசர், வெண்கலம்’ என்ற குறிப்பு மட்டும் இருந்திருப்பின் எந்த நடராசர் என்று நிறுவ இயலாது. குறிப்பற்ற படம் மட்டும் இருந்திருப்பின் எந்த ஊர் என்று நிறுவ இயலாது. இரண்டும் ஓரிடத்தில் இருந்தமையே திருமேனியை மீட்டது.

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல தோட்டத்திலிருந்து இடம்பெயர்ந்தவை. ஒவ்வொரு பழைய பள்ளியிலும் சேர்க்கை ஏடு என்னும் பெயர்த் தொகுதி இருக்க வேண்டும். ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட வகுப்புப் படம் என்னும் முகத் தொகுதியும் இருத்தல் கூடும். ஒன்று நிலைப்பேழையிலும் மற்றொன்று சுவரிலும் இருப்பதே பெரும்பான்மை வழக்கம். இவ்விரண்டையும் இணைக்கும் பணிக்குப் பெரும்பொருள் தேவையில்லை. விரிதாள் வசதியுள்ள கணினி ஒன்றும், முன்னாள் மாணவரான முதியோர் சிலரும் போதும். அம்முதியோரின் வயதை நோக்க, காலந்தாழ்த்த இடமில்லை.

இப்பணியில் கருத வேண்டியவை நான்கு. முதலாவது, பதிவிற்கும் படத்திற்கும் ஒரே எண் அமைதல் வேண்டும். மூலப்படத்தை உயர்ந்த தெளிவில் தனிக் கோப்பாக வைத்து, அக்கோப்பின் பெயராக அவ்வெண்ணையே இட்டு, பட்டியலில் அதன் சிறிய வடிவத்தை மட்டும் காட்டுதல் நன்று. பெரிய படங்களையே விரிதாளினுள் இட்டால் கோப்பு பெருத்துத் திறக்க இயலாததாகும். இரண்டாவது, விரிதாளில் கட்டத்தின்மேல் மிதக்கும் நிலையில் இடப்பட்ட படம், பெயர்களை அகரவரிசைப்படுத்தும்போது தன் வரியோடு நகராமல் நின்றுவிடக்கூடும். அவ்வாறாயின் ஒருவரின் பெயருக்கு நேரே மற்றொருவரின் முகம் அமைந்துவிடும். பார்ப்பதற்குப் பட்டியல் ஒழுங்காகவே தோன்றும் ஆதலின் பிழை எளிதில் வெளிப்படாது. படத்தைக் கட்டத்தினுள்ளேயே அமைத்தலும், எண்ணை இருமுறை சரிபார்த்தலும் இதனைத் தவிர்க்கும்.

மூன்றாவது, படத்தில் உள்ளவரை அடையாளம் சொன்னவர் யார், எந்நாளில் சொன்னார் என்பதும் பதியப்பட வேண்டும். உறுதியானதையும் ஊகத்தையும் தனித்தனிக் கட்டங்களில் இடுதல் ஆய்வு நெறியாகும். நான்காவது, யாருக்காக இணைக்கின்றோம் என்பதை மறத்தல் ஆகாது. மொரீஷியஸ் தமிழரும் 1948ஆம் ஆண்டு மலாயாத் தமிழரும் தம் முகம் பதிவேற இசைந்தனரா என்று எவரும் கேட்கவில்லை. நாம் கேட்டல் வேண்டும். உயிரோடிருப்போரின் படத்தை அவர்தம் இசைவின்றி வெளியிடுதலும், அடையாள அட்டை எண்ணைப் பட்டியலில் காட்டுதலும் தவிர்க்கப்பட வேண்டியவை. 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத் தொடர்புகளைக் கருதி இயற்றப்பட்டதாயினும், அதன் அடிப்படை நெறி சமூகத் தொகுப்புகளுக்கும் ஏற்றதே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் தெளிவாகின்றன. 1948க்கு முந்திய மலாயாத் தமிழ்த் தொழிலாளரின் பதிவுகள் பெயரளவில் நின்றன. அவர்தம் படங்கள் முகத்தளவில் நின்றன. இவ்விரண்டையும் அவசரகால அரசு கண்காணிப்பின் பொருட்டு இணைத்தது. விடுதலைக்குப் பின் அவ்விணைப்பே குடியுரிமையின் வெளிப்படைச் சின்னமாயிற்று. அதனைப் பெறாதவரின் பிள்ளைகள் இன்றும் அலுவலக வாயில்களில் நிற்கின்றனர்.

அட்டை வழங்குதல் அரசின் பொறுப்பு. அதனை ஆசிரியரோ ஆய்வாளரோ செய்தல் இயலாது. ஆயினும், ஒரு குடும்பம் இன்ன தோட்டத்தில் இன்ன ஆண்டில் வாழ்ந்தது, இம்முகத்திற்கு உரியவரின் பெயர் இது என்று காட்டும் பட்டியலை உருவாக்குதல் நம்மால் இயலும். தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் நம் முன்னோரைப் பற்றிப் பேசுகின்றன. அவர்களின் முகங்கள் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வீட்டுப் பெட்டிகளில் உள்ளன. இடைப்பட்ட தொலைவு இரண்டு மணி நேரப் பயணத்திற்கு மிகாது. அத்தொலைவைக் கடந்து ஒரு வரியையும் ஒரு படத்தையும் அருகருகே வைக்கும்போது, பட்டியலில் வெறும் இராமசாமியாக இருந்தவர் ஒருவர்க்குப் பாட்டனாராகின்றார். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் பழைய வகுப்புப் படங்களுள் ஒன்றிலிருந்தேனும் இப்பணியைத் தொடங்குதல் வேண்டும்.